கோட்டைக்குள் இருப்பது பகடை

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை நான் முதன்முறை பிடித்தபோது இரவு பதினொன்றரை மணி இருக்கும். அட்டைச் சில்லுகள் பறந்துவிடும் என்று ஃபேனை அணைத்து வைத்திருந்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சுவர் இடிந்த கட்டத்துக்குள் என் சிவப்புச் சில்லு நுழைந்தது. பகடையில் ஐந்து விழுந்தது. உள்ளே மிஞ்சியிருந்த கடைசிக் கறுப்புச் சில்லை எடுத்துப் பெட்டிக்குள் போட்டேன். கையை மடக்கி, சத்தம் வராமல் 'யெஸ்' என்று சொல்லிக்கொண்டேன், பிடித்த அணி கோல் போட்டால் சொல்வதுபோல. எதற்கு 'யெஸ்' சொன்னேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மேசைப் போர் விளையாட்டுப் பைத்தியம் உண்டு. வரைபடம், அறுகோணக் கட்டங்கள், படைகளுக்கு அட்டைச் சில்லுகள், பகடை. கூட விளையாட ஆள் கிடைக்காதவர்களுக்காகத் தனியாள் விதிகள் இருக்கின்றன. ஒரு பக்கத்தை நீங்கள் ஆடுவீர்கள், இன்னொரு பக்கத்தை ஓர் அட்டவணை ஆடும். வேறொரு கோட்டைக்காக எழுதப்பட்ட அப்படியொரு விதித்தொகுப்பை எடுத்துப் பாஞ்சாலங்குறிச்சிக்குத் தோதாக மாற்றிக்கொண்டேன். கம்பெனிப் படைக்குச் சிவப்பு, கோட்டைக்குக் கறுப்பு, எட்டயபுரத்துக்கு மஞ்சள். ஆடுபவர் கம்பெனி. கோட்டையைப் பகடை பார்த்துக்கொள்ளும். ஒன்று, இரண்டு விழுந்தால் சுவருக்குள் இருப்பார்கள். மூன்று, நான்கு என்றால் சுடுவார்கள். ஐந்து விழுந்தால் இரவில் வெளியே வந்து தாக்குவார்கள். ஆறு என்றால் குழப்பம், ஒரு முறை போச்சு.

மூலவிதியில் இருந்த அட்டவணையைத்தான் அப்படியே வைத்துக்கொண்டேன். அந்த 'குழப்பம்' ஏன் கம்பெனிப் பக்கத்துக்கு இல்லை என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கட்டபொம்மன் கதை எல்லோருக்கும் தெரியும், அல்லது 1959இல் வந்த சிவாஜி படம் தெரியும். படம் தூக்குமரத்தோடு முடிந்துவிடும். 1799 அக்டோபர் 16, கயத்தாறு. எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வருவது. கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில். 1801 பிப்ரவரி 2ஆம் தேதி அவரும் கூட்டாளிகளும் தப்பிக்கிறார்கள். மேஜர் மெக்காலே படையோடு பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய்ச் சேரும்போது ஏறத்தாழ ஒரு வாரம்தான் ஆகியிருக்கிறது. பார்த்தால், இல்லாமல் போன கோட்டை நிற்கிறது. மார்ச் 31 அன்று கம்பெனி தாக்கித் தோற்றது. சுவரேறிய வெள்ளைக்காரச் சிப்பாய்களில் பாதிக்கும் மேல் செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். பிறகு கர்னல் அக்னியூ பெரிய பீரங்கிகளோடு வந்து மே 24 அன்று கோட்டையைப் பிடித்தார். ஊமைத்துரையை நவம்பர் 16ஆம் தேதி அதே பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிட்டார்கள். ஊரின் பெயரையே கணக்குகளிலிருந்து அழித்தார்கள், நிலத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று சொல்வார்கள்.

என் ஆட்டம் அந்த மே 24. அதில்தான் நான் ஜெயித்தேன்.

செத்தவர்களை வைத்து விளையாடலாமா? கேள்வி பழசு. சதுரங்கமும் போர்தான், ஆடுபுலியாட்டத்திலும் சாவு உண்டு என்று ஒரு பதில் வரும். ஆனால் ஆட்டுக்கு ஊர் கிடையாது, பேர் கிடையாது. எச். ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் விதிகளை எழுதி 'லிட்டில் வார்ஸ்' என்று 1913இல் ஒரு புத்தகமே போட்டார். நிஜப் போருக்குப் பதிலாக எல்லோரும் இதை ஆடினால் தேவலை என்பது அவர் வாதம். அடுத்த வருஷமே முதல் உலகப் போர்.

நான் எனக்கு நானே ஒரு சோதனை வைத்துப்பார்த்தேன். முள்ளிவாய்க்காலுக்கு இப்படி ஒரு வரைபடம் வரைவேனா? நந்திக்கடலுக்கு நீலம் தீட்டி, அறுகோணம் போட்டு, யாருக்கு எந்த நிறம் என்று முடிவு செய்து... மாட்டேன். யோசிக்கும்போதே கை பின்னால் போகிறது. சரி, பாஞ்சாலங்குறிச்சிக்கு மட்டும் எப்படிக் கை போனது? இருநூறு வருஷம் ஆகிவிட்டது, அழுவதற்கு யாரும் மிச்சமில்லை என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் அது ஒழுங்கான பதில் இல்லை. அழ ஆளில்லாத சாவு விளையாடத் தோதான சாவு என்றால், வம்சத்தோடு அழிப்பவனுக்குத்தான் அது வசதி. கடைசி உறவினரும் போனபின் பலகையை விரிக்கலாம் என்று ஆகிவிடும். இந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் தெளிவில்லை. விளையாடுவதை நிறுத்தவும் இல்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த முதல் ஆட்டத்தில், சுவர் இடிந்ததும் முதலில் உள்ளே அனுப்பியது மஞ்சள் சில்லுகளை. துரோகிக்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் பெயரே 'எட்டப்பன்' அல்லவா? சாகட்டும் என்று அனுப்பினேன். மூன்று சில்லு போனது. உள்ளூர ஒரு திருப்தி. எட்டயபுரத்திலிருந்து வந்து அந்தச் சுவரடியில் செத்தவன் எவனும் எட்டப்பன் இல்லை. அவன் ஜமீனுக்கு ஈட்டி பிடித்த குடியானவன். என் சிவப்புச் சில்லுகளிலும் பெரும்பாலானவை வெள்ளைக்காரர்கள் இல்லை, மதராஸ் படையின் சிப்பாய்கள். உள்ளே இருந்தவர்களின் தலைவர் வீட்டில் பேசியது தெலுங்கு. வண்ணத்தை வைத்து 'நம்ம ஆளு' எது என்று கண்டுபிடிக்கும் வேலை முதல் ஆட்டத்திலேயே பல்லிளித்துவிட்டது.

இந்த முற்றுகையைப் பற்றி விரிவாக எழுதியவர் ஜேம்ஸ் வெல்ஷ். கம்பெனி அதிகாரி, அங்கே இருந்தவர். 1830இல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக வெளியான தன் ராணுவ நினைவுகளில் எழுதியிருக்கிறார். இணையத்தில் ஸ்கேன் கிடைக்கிறது. கோட்டையின் அளவை அவரிடமிருந்துதான் எடுத்தேன். ஒழுங்கற்ற நாற்கோணம், இரண்டு பக்கம் ஏறத்தாழ 500 அடி, மற்ற இரண்டு பக்கம் 300 அடி, 12 அடி உயரம், முழுக்க மண். கட்டங்களை எண்ணுவதற்காகப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த இடம் வந்தது. அதற்கு மேல் அன்றைக்குப் படிக்க முடியவில்லை.

ஊமைத்துரைக்குப் பேச்சு வராது, சைகைதான். சண்டைக்கு உத்தரவு கொடுப்பது எப்படி? சின்னச் சின்னத் துரும்புகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் அடுக்குவாராம். அதுதான் இங்கிலீஷ் படை. எப்போது, எப்படி என்பதற்குச் சைகைகள். பிறகு வலது கையால் அந்தத் துரும்புகளை ஒரே வீச்சில் துடைத்துவிட்டு, வாயால் 'விஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அதுதான் தாக்குதல்.

நான் என் மேசையைப் பார்த்தேன்.

தேசிய சேவையில் இருந்தவர்களுக்கு இது பழக்கமான காட்சி. தெக்கோங் தீவில் காட்டுக்குள் மண்ணைக் குவித்து மேடு, குச்சியை வைத்துச் சாலை, இலையை வைத்துக் காடு என்று மாதிரி செய்து, அதைச் சுற்றி உட்காரவைத்து உத்தரவு சொல்வார்கள். எதிரிக்கு ஒரு கல். அந்தக் கல் யோசிக்கும் என்று யாரும் சொன்னதில்லை. ஊமைத்துரையின் கையில் துரும்பாக இருந்தது வெள்ளைக்காரன். என் மேசையில் பகடையாக இருந்தது ஊமைத்துரை. திட்டம் போடுகிற எவனுக்கும் எதிராளி துரும்புதான் என்றால், தப்பு ஒன்றுமில்லை, கணக்கு சரியாகப் போச்சு.

போகவில்லை. துரும்பை ஊதியவரைப் பற்றி நமக்குத் தெரிவதே துரும்புகளில் ஒருவர் எழுதிவைத்ததால்தான். கோட்டைக்குள்ளிருந்து ஒரு தாள்கூட என் கைக்கு வரவில்லை. பீரங்கி எத்தனை, எந்த ரெஜிமென்ட், யார் காயம் என்று வெளியே இருந்தவர்கள் எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறார்கள். உள்ளே இருந்தவர்கள் திடீரென்று சுடுகிறார்கள், திடீரென்று வெளியே வருகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது பகடை உருள்வதுபோலத்தான் தெரிந்திருக்கும். அட்டவணையை எழுதியவர் யாரோ, அவர் பொய் எழுதவில்லை. கம்பெனிக்குத் தெரிந்ததை அப்படியே விதியாக்கியிருக்கிறார்.

அதனால் புரட்டிப்போட்டேன். நான் கோட்டை, கம்பெனிக்குப் பகடை. கம்பெனிக்கு அட்டவணை எழுதுவது எவ்வளவு சுலபம் என்று ஆச்சரியமாக இருந்தது. ஒரே மாலையில் முடிந்தது. அவர்கள் ஏற்கெனவே விதிப்படி நடந்தவர்கள். உள்ளே போனதும் எனக்குத் திண்டாட்டம். தண்ணீர் எங்கே, சோறு யார் பொங்குகிறார்கள், பெண்களும் பிள்ளைகளும் உள்ளேயா வெளியேயா, ராத்திரி காவல் மாற்றுவது யார்? எதுவும் தெரியாமல் நான் செய்ததெல்லாம் தேசிய சேவையில் கற்றது: பக்கவாட்டில் போ, பீரங்கியைக் குறிவை, பின்வாங்கும் வழியை முதலில் பார். நான்காவது ஆட்டத்தில் ஜெயித்தேன். மே 24ஆம் தேதி கோட்டை விழவில்லை. ஆனால் கோட்டையில் ஊமைத்துரை இல்லை. அவர் இடத்தில் ஈசூனில் வீவக வீட்டில் இருக்கும் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். அவருக்கு என் மூளையைக் கொடுத்ததுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன். அவரைப் பகடையிடம் விட்டதாவது 'எனக்குத் தெரியாது' என்று சொன்னதாக இருந்திருக்கும்.

தேக்கா உணவங்காடி நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை தனி மேசை கிடைக்காது. எதிரே ஓர் அண்ணன் பிரியாணியோடு உட்கார்ந்தார். நான் புதிதாக அச்செடுத்த வரைபடத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைகீழாகவே படித்துவிட்டார்.

"பாஞ்சாலங்குறிச்சியா? எங்கூருக்குப் பக்கம்லா. ஓட்டப்பிடாரம். என்ன தம்பி, அங்கன எதுவும் புராஜெக்ட் வருதா?"

கட்டுமான வேலையில் பதினோரு வருஷமாக இருக்கிறார். வரைபடம் என்றாலே புராஜெக்ட்தான். விளையாட்டு என்று சொன்னேன். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"நீங்க யாரு இதுல?"

"கம்பெனி, அண்ணே."

"எந்தக் கம்பெனி?"

கிழக்கிந்தியக் கம்பெனி என்று விளக்க வேண்டியிருந்தது. "ஓ, அந்தக் கம்பெனியா" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சாப்பிட்டார்.

ஒரு வாரத்துக்குள் கோட்டையைக் கட்டிய கதையை அவரிடம் சொன்னேன். வெல்ஷ் வியந்துபோன இடம் அது, நானும் வியந்த இடம். இவரும் வியப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் போனை எடுத்துக் கால்குலேட்டரைத் திறந்தார்.

"சுத்தளவு ஆயிரத்து அறுநூறு. ஒசரம் பன்னெண்டு. கனம்?"

"அது எழுதலண்ணே."

"சராசரி ஆறடின்னு போடுவோம். ஒரு லட்சத்துப் பதினஞ்சாயிரத்து எரநூறு கன அடி. ஆயிரத்து நூத்தம்பது யூனிட்டு மண்ணு. ஆறு நாளுன்னா, ஒரு நாளைக்கு நூத்தித் தொண்ணூறு சொச்சம். ஆளுக்கு இருவது கன அடி வெட்டிச் சொமந்தாப் போதும். ஆயிரம் பேரு. இதுல என்ன அதிசயம் இருக்கு? மாசி பொறக்கப்போற நேரம், மழையும் கெடையாது. தண்ணிதான் கஷ்டம். மண்ணு கொழைக்கத் தண்ணி எங்கேருந்து எடுத்தாவன்னு எழுதிருக்கானா?"

இல்லை. எழுதவில்லை.

"அதானே. பொம்பளையள்லாம் கொடம் சொமந்துருப்பாவ. அவன் எப்படிப் பாத்திருப்பான்?"

எனக்குள் ஏதோ நகர்ந்தது. கோட்டைக்குள்ளிருந்து எனக்குக் கேட்ட முதல் குரல் என்று சொன்னால் மிகையாகிவிடும். அவர் ஊமைத்துரை இல்லை, பக்கத்து ஊர்க்காரர் அவ்வளவுதான். ஆனாலும் ஒருவருக்கு அதிசயமாகத் தெரிவது இன்னொருவருக்குக் கூலிக்கணக்காகத் தெரிகிறது. உள்ளே இருந்தவர்களுக்கும் அது கூலிக்கணக்காகத்தான் இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு பலகையையே கொண்டுபோனேன். ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் புல்தரையில், ஆளாளுக்கு வட்டமாக உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ கால் பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு நடுவே விரித்தோம். அவர் கறுப்பு. இரண்டு முறை என் பீரங்கி சுட்டது. மூன்றாவது முறை, தன் சில்லுகள் அத்தனையையும் பின்வாசல் வழியாக வெளியே நகர்த்திவிட்டார்.

"அண்ணே, கோட்டைய விட்டா தோத்துட்டீங்க."

"மண்ணுதான தம்பி. ஆளு இருந்தா ஆறு நாள்ல திரும்பக் கட்டிக்கிடலாம்னு நீங்கதான சொன்னிய?"

விதிப்படி எனக்கு வெற்றி. காலிக் கோட்டையில் என் சிவப்புச் சில்லுகள் நின்றன. உண்மையிலும் மே 24 அன்று, சுவர் உடைந்து படை உள்ளே புகுந்ததும், உள்ளே இருந்தவர்கள் அணிகட்டி வெளியேறினார்கள். குதிரைப்படை துரத்தி வெட்டியது. என் ஆட்டத்தில் வெளியேறும் கறுப்புச் சில்லு ஒவ்வொன்றுக்கும் கம்பெனிக்கு ஒரு புள்ளி. அந்த வெட்டவெளியில் ஊமைத்துரையும் காயப்பட்டுப் பிணங்களோடு கிடந்தார். தன் மகனைத் தேடி வந்த ஒரு தாய், உயிர் போய்க்கொண்டிருந்த மகனைக் கண்டாள். என்னை விடு, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று என்றானாம் அவன். தூக்கிக்கொண்டு போனார்கள். தேடிவந்த எட்டயபுரத்து ஆட்களிடம், வெள்ளைத் துணி போர்த்தி, அம்மை கண்டு செத்த பையன் என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். எந்த விதிப்புத்தகத்திலும் அம்மைக்கு ஓர் எண் கிடையாது.

இதையும் எழுதிவைத்தவர் வெல்ஷ்தான், மனம் நெகிழ்ந்து எழுதியிருக்கிறார். அவரை வெறுக்க முடியவில்லை, அதுதான் சிக்கல். ஊமைத்துரைக்கு அடைக்கலம் கொடுத்த மருது சகோதரர்களையும் பின்னால் தூக்கிலிட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமியை, பதினைந்து வயசுப் பையனை, எழுபதுக்கும் மேற்பட்டவர்களோடு 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். 1818இல், ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வருவதற்கு ஒரு வருஷம் முன்பு, வெல்ஷ் பினாங்கில் இருக்கிறார். உடைந்துபோன ஒரு கிழவர் அவர் அறைக்குள் வந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு பேசாமல் நிற்கிறார். அது துரைசாமி. முப்பது வயசு சொச்சம்தான் ஆகியிருக்க வேண்டும். ஊரில் உயிரோடு இருக்கும் சொந்தங்களுக்கு ஒரு கடிதம் கொண்டுபோய்த் தரமுடியுமா என்று கேட்கிறார். அரசாங்க உத்தரவுக்கு விரோதம் என்று வெல்ஷ் மறுத்துவிடுகிறார். வருத்தத்தோடுதான். விதி விதிதான்.

எதிரியின் வீரத்தை வியப்பதில் ஜெயித்தவனுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. நானும் என் மேசையில் அப்படித்தான் வியந்துகொண்டிருந்தேன். ஒரு கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதற்குத்தான் விலை கொடுக்க வேண்டியிருந்திருக்கும்.

இரண்டாவது ஆட்டத்தில் அண்ணன், "ஒருவாட்டி நான் கம்பெனியா இருந்து பாக்கேன்" என்றார். எனக்கு ஏமாற்றம், மறைக்கவில்லை.

"உங்க ஊர்க் கோட்டைண்ணே."

"அதனாலென்ன? ஜெயிக்கிற பக்கம் எப்பிடி இருக்கும்னு நானும் பாக்கக் கூடாதா?"

பதில் இல்லை. அவர் சிவப்பை எடுத்தார், நான் கறுப்பை. என்னைவிட ஈவிரக்கமில்லாத கம்பெனி. ஒரு சில்லைக்கூட சுவர்ப்பக்கம் அனுப்பவில்லை. பீரங்கி, பீரங்கி, மறுபடி பீரங்கி. "ஆள எதுக்கு அனுப்பணும்? சுவரு முழுசா விழட்டும். அவசரம் எனக்கா ஒங்களுக்கா?" இடையில் மனைவியிடமிருந்து அழைப்பு வந்தது. பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸைப் பற்றிப் பேசிக்கொண்டே இடது கையால் பகடையை உருட்டி என் தெற்குச் சுவரை இடித்தார். அவர்மேல் எனக்கு வந்த கோபம் விளையாட்டுக் கோபம் இல்லை. உள்ளே இருப்பது எப்படி என்று தெரிய, வெளியே யோசிக்கிற ஒரு ஆள் இருந்தாக வேண்டும்போல. அதுவரை நான் தனியாக ஆடியதில் இந்தப் பயம் ஒருதடவைகூட வரவில்லை.

டார்மிட்டரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எந்தச் சில்லு எங்கே என்று போனில் படம் எடுத்துக்கொண்டோம். அடுத்த வாரம் அவருக்கு ஓவர்டைம். அதற்கடுத்த வாரமும். வீட்டுச் சாப்பாட்டு மேசையில், படத்தைப் பார்த்து எல்லாவற்றையும் அப்படியே அடுக்கி வைத்திருக்கிறேன். தெற்குச் சுவர் இல்லை, எனக்குப் பதினோரு சில்லு மிச்சம், கோட்டையின் முறை. வெளியேறினால் வெட்டவெளி, இருந்தால் மறுபடி பீரங்கி. நேற்று செய்தி அனுப்பியிருந்தார்: "முடிவு பண்ணியாச்சா?"

"இன்னும் எத்தன நாளைக்குடா இந்த ஃபேனப் போடாம சாப்புடுறது?" என்கிறார் அம்மா.